துயில் சாட்சி

அல்லியின் தங்கை குமுதா அல்லியைவிட நான்கு வயது மூத்தவள். வேலூர்ப் படைக் குடியிருப்பில் இதைக் கேட்டு யாரும் வியப்பதில்லை. பிறக்கும்போது அல்லிதான் இரண்டு வயது பெரியவள். பிறகு இரண்டு தவணையாக ஆறு ஆண்டுகள் துயிற்பேழையில் படுத்திருந்தாள். சான்று வயது முப்பத்தாறு, உடல் வயது முப்பது. குமுதா இன்றும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். புத்தி சொல்லும்போது மட்டும் தானே அக்காவாகிவிடுகிறாள்.

குமுதாவின் கல்யாணத்தின்போது அல்லி பேழைக்குள் இருந்தாள். அக்காவின் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு அவள் படத்தை வைத்தார்கள். படத்துக்கு மாலை போட்டால் செத்தவள் ஆகிவிடுவாள். போடாவிட்டால் சம்பந்தி வீட்டார் குறை சொல்வார்கள். அரை மணி நேரம் வாக்குவாதம் செய்து, கடைசியில் நாற்காலியின் கைப்பிடியில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினார்கள். இப்போது அதுவே சடங்காகிவிட்டது. மண்டபங்களில் துயில் நாற்காலி என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள்.

பேழை முதலில் மருத்துவமனைகளுக்காகச் செய்யப்பட்டது. உடம்பின் வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இரத்தத்தில் ஒரு கரைசலைச் சேர்த்து, உயிரணுக்களின் வேலையை அப்படியே நிறுத்தி வைக்கும். எழுப்பும்போது நிறுத்திய இடத்திலிருந்து எல்லாம் தொடங்கும். நடுவில் கனவு கிடையாது, முடி நரைக்காது, நகம் வளராது. மூன்று ஆண்டு கழித்து எழுந்தாலும் நேற்றைய மீன்குழம்பின் ஏப்பம்தான் வரும் என்று குடியிருப்பில் ஒரு கேலி உண்டு.

நல்ல கருவி ஒன்று கிடைத்தால் நம் மக்கள் அதைச் சும்மா விடுவார்களா? வழக்கில் தீர்ப்பு வரும்வரை படுத்தவர்கள் இருந்தார்கள். தேர்வு முடிவு வரும்வரை பிள்ளையைப் படுக்க வைத்த பெற்றோர் இருந்தார்கள். ஏழரைச் சனியைத் தூங்கியே கடத்திவிடலாம் என்று ஒரு சோதிடர் சொல்லப்போக, பேழை கிடைக்காமல் ஊரே அல்லாடியது. உறங்குகிறவரைச் சனி பிடிக்காது என்றது ஒரு கட்சி. பிடிக்காதுதான், ஆனால் எழுந்திருக்கும்வரை பேழைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார் என்றது இன்னொரு கட்சி. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

படைத்துறை இவர்கள் எல்லோருக்கும் முந்திக்கொண்டது. தொலைதூரப் பணிக்குப் போகும் வீரரின் குடும்பம், அவர் திரும்பும்வரை அரசுப் பேழையில் உறங்கலாம். கணவன் திங்கட்கிழமை கிளம்பினால், மனைவிக்கு அவன் செவ்வாய்க்கிழமை காலையே திரும்பி வந்தது போல் இருக்கும். குழந்தையின் விழுந்த பல் விழுந்த இடத்திலேயே இருக்கும். ஏங்குவதற்கு வீட்டில் ஆள் இல்லை. திட்டம் வந்த ஆண்டிலிருந்து, கடல் கடந்த பணிக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சே எழவில்லை.

அல்லியின் கணவன் தணிகைவேல் ஹவில்தார். வயது நாற்பது, அவனுக்குச் சான்று வயதும் உடல் வயதும் ஒன்றுதான். அவன் பயின்ற வேலை கடற்செவி. அதாவது, கடலடியில் பதித்த ஒலிவாங்கிகள் வழியாக எந்த நாட்டு நீர்மூழ்கி எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பது. கேட்பதை இயந்திரமே செய்துவிடும். ஆனால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், மரம் ஒன்றுகூட முளைக்காத கருங்கல் தீவைப் பற்றிய ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு நாடு அங்கே வைத்திருக்கும் கேட்பு நிலையத்தில் உயிருள்ள மனிதன் ஒருவன் தங்கியிருக்கும்வரைதான் அது அந்த நாட்டுக்குச் சொந்தம். நாட்டுக்கு ஒருவன்தான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் ஆள் மாற்றலாம்.

இந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது இரண்டே பேர். தணிகைவேல் ஒருவன், பக்கத்து வீட்டுச் சவரிராயன் இன்னொருவன். பன்னிரண்டு ஆண்டுகளாக இருவரும் மாறி மாறித் தீவைக் காத்தார்கள். தணிகைவேல் தீவில் இருக்கும்போது அல்லியும் மகள் நறுமுகையும் பேழையில், சவரி வேலூரில். சவரி தீவுக்குப் போனால் அவன் மனைவி பிலோமினாவும் மகன் இன்னாசியும் பேழையில், அல்லி விழித்திருப்பாள்.

ஒவ்வொரு பேழைக்கும் விழித்திருக்கும் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. உறங்குகிறவர் சார்பில் கடிதம் வாங்குவது, பேழையின் கண்ணாடியைத் துடைப்பது, ஏதாவது நடந்தால் ஆளை எழுப்பச் சொல்வது எல்லாம் துயில் சாட்சியின் வேலை. அல்லியும் பிலோவும் ஒருவருக்கொருவர் சாட்சி. பன்னிரண்டு ஆண்டில் இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருந்தது, ஆள் மாறும் வாரங்களைக் கூட்டினால், ஒரு மாதம்கூட இராது. மற்றதெல்லாம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கும் சீட்டுகள்தான். கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்று என்று பிலோ எழுதி வைத்துவிட்டுப் படுப்பாள். ஊற்றினேன், பூச்சி போய்விட்டது என்று மூன்று ஆண்டு கழித்து அல்லி பதில் எழுதி வைத்துவிட்டுப் படுப்பாள். உயிருக்குயிரான தோழி என்று இருவருமே வெளியில் சொல்லிக்கொள்வார்கள்.

சவரியின் இரண்டாவது தவணை முடியப் பதினாறு நாள் இருக்கும்போது தணிகைவேலுக்குக் கடிதம் வந்தது. மூன்றாவது முறை போக விருப்பமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும். விருப்பமா என்று கேட்பது ஒரு மரியாதைதான்; இதுவரை யாரும் இல்லை என்று சொன்னதில்லை. நீ போகாவிட்டால் சவரி இன்னும் மூன்று ஆண்டு அங்கேயே இருக்க வேண்டியிருக்கும் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு அல்லி மடித்து வைத்தாள். துணி உலர்த்தப் போனாள். திரும்பி வந்து, இந்த முறை தானும் நறுமுகையும் படுக்கப் போவதில்லை என்றாள்.

அவள் மனம் மாறியதற்குக் காரணம் குரற்பெட்டி. தீவில் இருப்பவன் வாரம் ஒருமுறை மூன்று நிமிடம் பேசி வீட்டுக்கு அனுப்பலாம். அது அவன் குடும்பத்தின் பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும், எழுந்ததும் அவர்கள் கேட்பதற்காக. யாரும் கேட்பதில்லை என்பது வேறு. மனிதனே எதிரில் வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது நூற்றைம்பது பழைய ஒலிப்பதிவை யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? ஒருநாள் பிலோவின் பெட்டி நிரம்பிவிட்டதென்று கத்தத் தொடங்கியது. சில பதிவுகளைக் கேட்டால்தான் நிற்கும் என்றார் பழுது பார்க்க வந்தவர். சாட்சி என்ற முறையில் அல்லி கேட்டாள்.

முதல் ஆண்டில் சவரி நிறையப் பேசினான். தீவுப் பறவைகளுக்குக் குடியிருப்பு அதிகாரிகளின் பெயர்களை வைத்திருந்தான். இன்னாசி என்ன செய்கிறான் என்று கேட்டான், அவன் உறங்குவது தெரிந்தே. இரண்டாம் ஆண்டில் தூளிலிருந்து பிரியாணி செய்த கதை பலமுறை வந்தது. மூன்றாம் ஆண்டில் காற்றின் வேகம், வெப்பநிலை, அலையின் உயரம் என்று அளவுகளைப் படித்தான். சென்ற மாதப் பதிவில் ஏறக்குறைய மூன்று நிமிடமும் காற்றுதான். கடைசியில் மட்டும், "பிலோ, இன்னா பேசறதுன்னு தெரியல. சரி," என்று ஒரு குரல்.

அதன் பிறகு அல்லி தன் வீட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஆறு ஆண்டில் தணிகைவேல் பேசியவை முந்நூற்றுப் பன்னிரண்டு. முதல் தவணைக்குக் கிளம்பிய நாளுக்கு முந்தின மாலை இருவருக்கும் ஒரு சண்டை. நறுமுகைக்குக் காது குத்துவது தணிகைவேலின் குலதெய்வக் கோயிலிலா, அல்லியின் அண்ணன் மடியில் அவர்கள் ஊரிலா என்று. தணிகைவேல் தீவிலிருந்து பத்தொன்பது வாரம் அந்தச் சண்டையைத் தனியாகப் போட்டிருந்தான். வாதாடியிருந்தான், கோபித்திருந்தான், அல்லியின் அண்ணனைத் திட்டியிருந்தான். இருபதாவது வாரம், உங்கள் ஊரிலேயே குத்தலாம் என்று இறங்கி வந்திருந்தான். அல்லிக்கு நினைவிருந்தது: பேழையிலிருந்து எழுந்த அன்று, ஆறாத கோபத்தோடு அதே பேச்சைத்தான் முதலில் எடுத்தாள். அவன் உடனே சரி என்றான். ஒரே ராத்திரியில் ஆளை மாற்றிவிட்டோம் என்று அன்று அவளுக்கு ஒரே பெருமை. இப்போது அதை நினைத்து வெட்கப்பட்டாள், அழவும் செய்தாள்.

நீங்கள் பேசும்போது பதில் சொல்ல ஒருத்தியாவது விழித்திருக்கட்டும் என்றாள் அவனிடம். அப்படியானால் தான் போகவில்லை என்றான் தணிகைவேல். ஏன் என்று அவள் விடாமல் கேட்டாள்.

"அங்க இருக்கச்சொல்ல எனக்கு இருந்த ஒரே தெம்பு அதுதான். நான் இங்க எப்டி கெடந்தாலும் அங்க உங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. பொண்ணு வளரல, நீ தனியா கஷ்டப்படல. நீங்க முழிச்சிகினு இருந்தா நான் மூணு மாசம் தாங்க மாட்டேன், அல்லி."

"அப்ப நாங்க தூங்கனது எங்களுக்காக இல்லியே," என்றாள் அல்லி. "நீங்க போறதுக்காக."

அவன் மகளைப் பார்த்தான். சான்று வயது பதின்மூன்று, உடல் வயது ஏழு. அவளோடு பிறந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருந்தார்கள்; இவள் இரண்டாம் வகுப்பில், யானைக்குத் தும்பிக்கை வரைந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அன்று முழுவதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் சவரி.

அதற்கும் அல்லி ஒரு வழி வைத்திருந்தாள். மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவனைத் தீவில் நிறுத்த வேண்டுமானால் அவன் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும் என்று விதி இருந்தது. குடும்பம் உறக்கத்தில் இருந்தால், அந்த மௌனமே ஒப்புதல். ஆனால் துயில் சாட்சி மறுப்பு எழுதினால், எழுப்பித்தான் கேட்க வேண்டும். இதுவரை எந்தச் சாட்சியும் எழுதியதில்லை என்பதால் பலருக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. பிலோவை எழுப்பிக் கேட்டால் அவள் விடுவாளா? ரேஷன் கடையில் ஒரு கிலோ குறைந்ததற்கே தாசில்தார் வரைக்கும் போனவள். அவள் மறுத்துவிட்டால், படைத்துறை வேறு எங்கிருந்தாவது ஓர் ஆளைப் பிடித்து, வேலையைக் கப்பலிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்பட்டும். சவரி வீடு வந்து சேருவான். தணிகைவேலும் இதை நம்பினான். நம்பியதும் சாப்பிட்டான்.

குடும்ப நலப் பிரிவின் கேப்டன் இளவேனி அல்லி எழுதிய மறுப்பைப் படித்துவிட்டு அவளை வரவழைத்தாள். நல்ல பெண். உறங்குகிறவர்களை இடையில் எழுப்பினால் அவர்களுக்குத்தான் வீண் மனக்கஷ்டம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கேட்காமல் இருப்பதுதான் மனக்கஷ்டம் என்றாள் அல்லி. சவரியின் கடைசிப் பதிவைத் தன் கைக்கருவியில் போட்டும் காட்டினாள். கேப்டன் மூன்று நிமிடமும் கேட்டாள். பிறகு எழுப்பும் ஆணையில் கையெழுத்திட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, துயிற்கூடத்தில், பிலோவின் பேழையைத் திறந்தார்கள். குழந்தையின் பேழையைத் தொடவில்லை. குழந்தை கையெழுத்துப் போடப் போவதில்லை. அரை நாளுக்குள் முடிவு சொன்னால், மறுபடி படுப்பதற்குப் புதிதாக எந்த மருந்தும் தேவையில்லை என்றார் மருத்துவர். தணிகைவேல் கதவருகே நின்றான். அல்லி பேழையின் பக்கத்தில் நின்றாள். மூன்று ஆண்டாக வாரம் தவறாமல் அந்த முகத்தின் மேலிருந்த கண்ணாடியை அவள்தான் துடைத்து வந்திருக்கிறாள். எத்தனையோ நாள் அந்த முகத்தோடு பேசியிருக்கிறாள். சவரியின் புதிய பதிவு எப்படி இருந்தது என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

பிலோ கண் திறந்தாள். இரண்டு முறை இருமினாள். அல்லியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா அல்லி, அவரு வந்துட்டாரா?"

இன்னும் வரவில்லை என்று அல்லி சொன்னாள். மூன்று ஆண்டு முடியப்போவதையும், தணிகைவேல் போகாததையும், சவரியை இன்னும் மூன்று ஆண்டு நிறுத்தி வைக்கக் கேட்பதையும் வரிசையாகச் சொன்னாள். நீ முடியாது என்று சொன்னால் அவர் இந்தக் கப்பலிலேயே வந்துவிடுவார் என்பதை இரண்டு முறை சொன்னாள். பிலோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நறுமுகை எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று விசாரித்தாள். இன்னாசியை எழுப்பவில்லையே என்று உறுதி செய்துகொண்டாள். பாதியில் எழுப்பினால் அவன் நாளெல்லாம் சிணுங்குவான்.

அல்லி கைக்கருவியை எடுத்து, சவரியின் பதிவு ஒன்றையாவது கேள் என்றாள். பிலோ சிரித்தாள். அவர் வந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து சேர்ந்து கேட்டுக்கொள்கிறோம் என்றாள். அல்லி விடவில்லை. அவர் அங்கே ரொம்ப ஒடிந்துபோயிருக்கிறார், பேசவே மறந்துவிட்டார் என்றாள். பிலோவுக்கு அது விளங்கவில்லை. போகும்போது அவர் நன்றாகத்தானே இருந்தார், துயிற்கூடத்து வாசலில் நின்று இன்னாசிக்கு விசிலடித்துக் காட்டினாரே, நேற்று நடந்தது தனக்கு மறந்துவிடுமா என்றாள்.

"இப்ப வேணாம்னு சொன்னா, அடுத்தவாட்டி அவர கூப்ட மாட்டாங்க, புரொமோசனும் போயிடும். நேத்துதான போனாரு, அல்லி. இன்னொரு ராத்திரி, அவ்ளோதான? நான் படுத்துக்கறேன்."

கேப்டன் நீட்டிய பலகையில் பிலோ கையெழுத்துப் போட்டாள். செடி எப்படியிருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள் அல்லி. அவளுக்குப் பிலோவின் மேல் கோபம் வந்தது. அடுத்த நொடியே, மூன்று ஆண்டுக்கு முன் இதே கூடத்தில் தன்னை இப்படி எழுப்பியிருந்தால் தானும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தெரிந்தது. காத்திருந்தால்தானே காத்திருக்க முடியாது என்று சொல்லத் தோன்றும். பதினொன்றரை மணிக்குப் பேழையை மூடினார்கள்.

கேப்டன் இளவேனிக்குத்தான் பெரிய நிம்மதி. உறங்குகிறவர்களைக் கேட்காமலே நீட்டிக்கிறோமே என்று இத்தனை காலமும் அவள் மனத்தில் ஒரு முள் இருந்ததாம். மறுநாளே மேலிடத்துக்கு எழுதினாள். மேலிடமும் உடனே ஏற்றுக்கொண்டது: மௌனம் ஒப்புதலாகும் என்ற விதி நீக்கப்பட்டது; இனி ஒவ்வொரு நீட்டிப்புக்கும் குடும்பத்தை முறையாக எழுப்பி, நேரில் கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வாரத்தில் மட்டும் நாற்பத்தொரு குடும்பங்களை எழுப்பினார்கள். நாற்பத்தொன்றும் கையெழுத்திட்டன. ஒருவர்கூட அழவில்லை என்று அறிக்கையில் தனியாகக் குறித்திருந்தார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல், விதிப்படி, தீவில் இருப்பவனுக்கும் மாற்றாளுக்கும் நேரடிப் பேச்சு. பொறுப்பை ஒப்படைப்பதற்காக ஏற்பட்ட பத்து நிமிடம் அது. ஒப்படைக்க எதுவும் இல்லாவிட்டாலும் பேச்சு இணைக்கப்பட்டது. தணிகைவேல் தொடர்புக் கூடத்தில் உட்கார்ந்தான். அல்லி அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் காற்றின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு சவரி கப்பல் எப்போது என்று கேட்டான். தணிகைவேல் தான் வரவில்லை என்பதைச் சொல்லி, மன்னித்துக்கொள் என்றான். அல்லி விழித்திருக்கப் போவதையும், அதனால் தன்னால் முடியாது என்பதையும் சொன்னான். பிலோவை எழுப்பிக் கேட்டார்கள் என்று தொடர்ந்தான்.

"எழுப்பனாங்களா?" சவரியின் குரலில் முதன்முறையாக உயிர் வந்தது. "பிலோவயா? இன்னா சொன்னா?"

"முழிச்சதும் மொதல்ல உன்னத்தான் கேட்டா."

"அதான கேட்டேன். விட்ருவாளா அவ?" சவரி சிரித்தான். மூன்று ஆண்டாகச் சிரிக்காதவனின் சிரிப்பு. இருமலில் போய் முடிந்தது. "அப்ப கப்பல் வருதில்ல?"

தணிகைவேல் அல்லியைப் பார்த்தான். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன், கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றான். எதில் என்று சவரி கேட்கவில்லை. காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அப்படியே போயிற்று. இணைப்பு இருக்கிறதா என்று கூடத்துப் பணியாளர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"அழுதாளா?" என்றான் சவரி.

"இல்ல. நேத்துதான போனாரு, இன்னொரு ராத்திரிதானன்னு சொன்னா."

"அவள ஒண்ணும் சொல்லாத," என்றான் சவரி. "பொட்டில படுக்கச்சொல்ல ரொம்ப அழுதா. கைய விடல. நான்தான் சொல்லித் தூங்க வச்சேன், ஒரே ஒரு ராத்திரிதான்னு."